சந்தனம் வைத்த ஹார்ட் டிஸ்க்

டிவி விற்கிறவனுக்கு விற்றதோடு வேலை முடிந்தது. ஹார்ட் டிஸ்க் விற்கிறவனோ அந்த வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் ஆயுசு முழுக்க ஜவாப்தாரி. என்னைப் போல இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்கு இது தெரியும். புத்தூரில் கடை வைத்திருக்கும் எனக்கு அதைத் தெரியவைத்தவர் ஸ்ரீரங்கத்து ரங்கராஜன் மாமா, ரிடையரான பேங்க் மேனேஜர்.

பெயர் ராசி

மாமி பாசுரம் பாட, மாமா எடுத்த வீடியோக்கள் ஒரு பழைய லேப்டாப்பில் கிடந்தன. தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு மாமியால் பாட முடியாது, பேச்சே கிசுகிசுப்புதான். அந்தக் குரல் இனி அந்த வீடியோக்களில் மட்டும்தான் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் பேத்தி அதைப் பார்த்துத்தான் பாடக் கற்றுக்கொள்கிறாள்.

வீட்டு வைஃபையோடு இணைத்துவிட்டால் எங்கிருந்தும் பார்க்கலாம், ஒரு பெட்டி, அதற்குள் இரண்டு டிஸ்க், 'நாஸ்' என்று பெயர் என விளக்கினேன். மாமா காதைப் பொத்திக்கொண்டார். "வேற என்ன பேர் வேணா வையுங்கோ. வெள்ளிக்கிழமையும் அதுவுமா நாசம், நாசம்னு சொல்லிண்டு ஆத்துக்குள்ள வராதீங்கோ."

ஜோடிப் பொருத்தம்

இரண்டும் ஒரே லாட்டில், ஒன்றாகத் தயாராகி வந்த டிஸ்காக இருந்தால் ஒரே சமயத்தில் மண்டையைப் போடும், அதனால் வேறு வேறு லாட்டில் எடுப்போம் என்றேன். ஒன்றில் ஏற்றுவது மற்றதிலும் தானாகப் பதிவாகும், ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும் என்றும் சொன்னேன். மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. ஜோடி என்றால் சேர்ந்து போவதுதானே பாக்கியம் என்றார்.

உள்ளேயிருந்து வந்த மாமி என் பக்கத்தில் நின்று கிசுகிசுத்தார். "ரெண்டும் சேர்ந்து போயிடுத்துன்னா குழந்தைக்கு யார் பாடிக் காட்டறது? வேற வேறயாவே கொடுங்கோ."

பூஜையில் ஒன்று

சரஸ்வதி பூஜையன்று மாமாவிடமிருந்து போன். குரலே சரியில்லை. ஒரே வீடியோ இரண்டு டிஸ்கிலும் இருப்பது இடத்துக்குத் தண்டம், ஒன்றில் அழித்தால் மற்றதில் இருக்கப்போகிறது என்று நினைத்து, பாசுரம் இருந்த ஃபோல்டரையே டெலீட் செய்துவிட்டார். பழைய லேப்டாப்பையோ எப்போதோ எடைக்குப் போட்டாயிற்று. இங்கே மொட்டை அடித்தால் கண்ணாடியிலும் மொட்டைதான் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

பெட்டியில் எத்தனை விளக்கு எரிகிறது என்று கேட்டேன். ஒன்றுதானாம். இன்னொரு டிஸ்கைக் காலையிலேயே உருவி, சந்தனம் இட்டு, ஹயக்ரீவர் படத்துக்கு முன்னால் புத்தகங்களோடு அடுக்கிவிட்டாராம். வித்தையெல்லாம் இப்போது அதில்தானே இருக்கிறது! அழித்தபோது அது பெட்டியிலேயே இல்லை. திரும்பச் சொருகினால் அதுவும் காலியாகிவிடும், தொடாதீங்க என்று கத்தினேன். விஜயதசமி மறுபூஜை ஆகாமல் நீங்களே வந்தாலும் தொட விடமாட்டேன் என்று அவர் பதிலுக்குக் கத்தினார்.

மறுநாள் பூஜை முடிந்ததும் சந்தனத்தைத் துடைத்து, டிஸ்கை, கையோடு கொண்டுபோயிருந்த என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். மாமியின் குரல் கணீரென்று கூடத்தை நிறைத்தது. மாமி சத்தமில்லாமல் கூடவே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். மாமா மட்டும், பூஜைக்கு இந்த டிஸ்கைப் பார்த்துப் பொறுக்கியது தான்தான் என்று ஆரம்பித்தார். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டிஸ்கை இவ்வளவு பாத்துப் பாத்து எடுத்தேள். எங்கப்பாதான் எனக்கு மாப்பிள்ளையை இப்படிப் பாத்து எடுக்கலை."

எந்த டிஸ்க் நல்லது என்று இப்போது யார் வந்து கேட்டாலும், வீட்டில் டெலீட் அழுத்துகிறவர் யார் என்பதைத்தான் நான் முதலில் விசாரிக்கிறேன்.