மீன் பெட்டியில் படுத்த பழைய வைன்

இருபது வருடம் மீன் ஏற்றிய பிறகு கற்பிட்டியில் ஒரு கடற்கரை ஹோட்டலில் சேர்ந்தேன். வைன் அறையின் சாவி என்னிடம்தான். காரணம் எளிது: எல்லோரும் 'நானா', அதாவது அண்ணன், என்று கூப்பிடும் நான் ஒருவன்தான் அங்கே குடிக்காதவன். நல்ல பிரெஞ்சு சிவப்பு வைன் கிடக்கக் கிடக்க ருசி கூடுமாம். நாள் போனால் நன்றாகும் சாமான் ஒன்று உலகத்தில் உண்டென்று நம்ப இந்த மீன்காரனுக்கு இரண்டு வருடம் பிடித்தது.

மின்வெட்டுக் காலம். ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை. அறை பேக்கரி போலக் கொதித்தது. சூடு பட்டால் வைன் கெட்டுவிடும் என்று முதலாளி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பன்னிரண்டு போத்தலையும் மீன் பெட்டியில் அடுக்கி, ஐஸை நொறுக்கிக் கொட்டி மூடினேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். மூன்றாம் நாள் திறந்தால் லேபல் எல்லாம் கழன்று கூழாகிக் கிடந்தது.

பதினொன்று ஹோட்டலின் புது வைன். மற்றது வருடாவருடம் வரும் பிரெஞ்சு மேடத்தின் இருபத்தைந்து வருடப் பழைய வைன். காலமான கணவர் வாங்கிக் கொடுத்தது. தன் எழுபதாவது பிறந்தநாளுக்குத் திறக்க மேடம் என்னை நம்பி விட்டுப்போனது. எல்லாம் ஒரே தோட்டத்து வைன், ஒரே போத்தல், ஒரே மூடி.

பிறந்தநாளும் வந்தது. மறைக்க மனம் வரவில்லை, மேடத்திடம் எல்லாம் சொன்னேன். மீன் பெட்டி என்றதும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"நானா, பிழையான போத்தலத் திறந்தா நாளைக்கு வேலைக்கு வரத் தேவல்ல" என்றார் முதலாளி.

ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பதினொன்று பீட்ரூட் சாறு. ஒன்று மட்டும் செங்கல் நிறம். ஒரு பக்கத்தில் கோப்பித் தூள் போல மண்டி. வருடக்கணக்கில் கிடந்த வைன்தான் இப்படி நிறம் மங்கி மண்டி கட்டும்.

"இதான் முதலாளி."

"குடிச்சும் பார்க்காம எப்பிடித் தெரியும்?"

"மீன மட்டும் கடிச்சுப் பார்த்தா வாங்கின நான்?"

போத்தலைத் திறந்தார்கள். தக்கையில் வருடம் அச்சடித்திருக்கும் என்று முதலாளி கையை நீட்டினார். அதற்குள் மேடம் ஒரு மிடறு குடித்துவிட்டார். கண்ணை மூடியபடி மெதுவாக ஒரு பெயரைச் சொன்னார். பல வருடம் அதே மேசையில் அவர் தன் கணவரைக் கூப்பிட நான் கேட்ட பெயர்.

முதலாளி தக்கையைப் பார்க்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.