கழுவிக் கவிழ்த்த கிளாஸ்

ஐம்பத்தாறு. இந்த எண்ணை மறக்க வேண்டாம். அம்சவல்லி முதன்முதலாக ஒரு ஓட்டலில் தனியாக உட்கார்ந்து காலைப் பலகாரம் சாப்பிட்டது அந்த வயதில்தான். பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு சின்னப் பெண்ணாக நாற்றங்காலில் இறங்கியவர். ஊர் சாப்பிட்ட சோற்றில் அவர் நட்ட நெல்லும் உண்டு. அவருக்கு ஒரு இலை போட்டு, எதிரே நின்று, என்ன வேண்டும் என்று ஒருத்தர் கேட்க அத்தனை காலம் ஆனது.

நடவு மிஷின் வந்தபின் வயலில் வேலை குறைந்தது. இப்போது திருவாரூர் போகும் வழியில் ஒரு விதைநெல் குடோனில் மூட்டை தைக்கிறார். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் எழில்மொழி ஓசூரில் நர்ஸ். ஒற்றை ஆளுக்கு அடுப்புப் பற்றவைக்க மனம் வராது. பழைய சோற்றை இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். பல நாள் அதுவும் இல்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தவர், ஒரு நாள் தைத்துக்கொண்டிருந்த மூட்டை மேலேயே சாய்ந்துவிட்டார். காலையில் சாப்பிடாமல் இனி மாத்திரையைத் தொடக் கூடாது என்று டாக்டர் கண்டித்து அனுப்பினார்.

கொரடாச்சேரிப் பக்கம் அவர் பஸ் ஏறும் இடத்துக்கு எதிரே கிளமென்ட் கடை. கிளமென்ட் தோசைக்கல்லில் நிற்பான். மனைவி ரோஸ்லின் பரிமாறுவாள். பேராவூரணியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், முப்பது வயது. அந்தக் கடைக்குப் பெண்கள் வராமல் இல்லை. வருவார்கள், பார்சல் வாங்குவார்கள், போவார்கள். பெஞ்சு ஆண்களுக்கு. அப்படி எங்கும் எழுதி ஒட்டவில்லை. எழுதி ஒட்டாத சட்டத்தைத்தான் ஊர் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது.

அம்சவல்லியும் பார்சலுக்குத்தான் போனார்.

"பார்சல் எதுக்குக்கா? பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு. பொங்கல் இப்பதான் இறக்குனேன், உக்காருங்க" என்றாள் ரோஸ்லின்.

பெஞ்சின் ஓரத்தில் பாதி உடம்பை வைத்து உட்கார்ந்தார். எதிரே துரைராசு. அம்சவல்லியின் தெருக்காரர், டிராக்டர் ஓட்டுகிறவர், அந்தக் கடைக்குத் தினசரி வாடிக்கை. அவர் வாயைத் திறந்து எதையும் கேட்க வேண்டியதில்லை. உட்கார்ந்தால் இரண்டு இட்லியும் ஒரு பொடிதோசையும் தானாக வரும்.

"என்ன அம்சவல்லி, வீட்ல அடுப்பு ரிப்பேரா?" என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி.

"அடுப்பு நல்லாத்தாண்ணே இருக்கு. நாந்தான் ஸ்ட்ரைக்கு."

பெஞ்சு சிரித்தது. அம்சவல்லி இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தார். பொங்கல் சுட்டது. மிளகு பல்லில் பட்டது. சட்னி தீர்ந்ததும் கேட்காமலே மறுபடி விழுந்தது. யாருக்காகவும் நடுவில் எழுந்திருக்க வேண்டியிருக்கவில்லை. தினமும் இப்படி வந்தால் என்ன என்று தோன்றியது. கூலியில் கட்டுப்படியாகும். உடம்பும் நிற்கும். துரைராசு மாதிரி, உட்கார்ந்ததும் தட்டு வருகிற ஆளாக ஆகிவிடலாம்.

டீ குடித்தார். எழுந்தார். கிளாஸை எடுத்துக்கொண்டு பின்பக்கத் தொட்டிக்குப் போனார். உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவி, கட்டை மேல் கவிழ்த்து வைத்தார்.

ரோஸ்லின் முகம் சுண்டிவிட்டது. "ஏங்க்கா, நாங்க கழுவுனா சுத்தமா இருக்காதா?"

அப்போதுதான் தான் செய்தது அம்சவல்லிக்கே தெரிந்தது. துரைராசு தலையைக் குனிந்து தோசையைப் பிய்த்தார். பஸ் வந்தது. அம்சவல்லி ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

அதன்பின் அவர் கடைப் பக்கம் போகவில்லை. ஒரு வாரம் எதிர்ப்புறம் புளியமரத்தடியில் நின்று, இரண்டு பிஸ்கட்டைத் தின்று மாத்திரை போட்டார். மறுபடி தலை சுற்றியது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அன்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தார். யாரோ எந்தக் காலத்திலோ பழக்கிவிட்டதற்கு நான் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

மறுநாள் காலை நேராக ரோஸ்லின் முன்னால் போய் நின்றார்.

"அன்னைக்கு நீ தப்பா எடுத்துக்கிட்ட ரோஸ்லின்."

"நானுந்தான் வெடுக்குன்னு கேட்டுட்டேன். நீங்க வரலன்னதும் இவரு என்னையத் திட்டித் தீத்துட்டாரு."

"எங்க ஊரு டீக்கடையில எங்க தெரு ஆளுங்களுக்குத் தனி கிளாஸு. வெளிய ஒரு பலகையில இருக்கும். நாங்களே எடுத்துக் குடிச்சிட்டு, நாங்களே கழுவிக் கவுத்திட்டுப் போவணும். சின்னப் புள்ளையில பழகுன கை. அந்தக் கடை போயிடுச்சு. கை விடமாட்டேங்குது."

ரோஸ்லின் கரண்டியோடு நின்றாள். கிளமென்ட் தோசையைத் திருப்ப மறந்தான்.

"எனக்கும் அப்படித்தான்" என்றார் துரைராசு, தட்டைப் பார்த்தபடி. "வந்த புதுசுல கிளாஸத் தூக்கிட்டு எந்திரிப்பேன். கிளமென்ட்டு வந்து புடுங்குவாரு."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அம்சவல்லி.

"வாயில தோசை இருந்துச்சு."

"என் அடுப்பப் பத்திக் கேக்குறப்ப மட்டும் வாயி காலியா இருந்துச்சாக்கும்."

ரோஸ்லினுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உக்காருங்கக்கா. இனிமே கிளாஸத் தூக்கிட்டு எந்திரிச்சீங்க, சட்னி அரைக்க உக்கார வச்சிருவேன்."

சாப்பிட்டார். டீ குடித்தார். கிளாஸ் எதிரே இருந்தது, அடியில் கொஞ்சம் டீத்தூளோடு. கை நீண்டது. இழுத்து, மடியிலிருந்த பையின் காதைப் பிடித்துக்கொண்டார். சட்டம் எத்தனையோ போட்டிருக்கிறார்கள். எந்தச் சட்டமும் வந்து அந்தக் கையைப் பிடிக்கவில்லை. அவரேதான் பிடித்துக்கொண்டார். ரோஸ்லின் வந்தாள். மற்ற கிளாஸ்களோடு அதையும் விரலில் கோத்து எடுத்துப் போனாள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

"நாளைக்கு வருவீங்களாக்கா? வருவீங்கன்னா ஒரு வடை ஒதுக்கி வைப்பேன். விட்டா எல்லாத்தையும் டிராக்டர்காரரே முழுங்கிருவாரு."

"ஒதுக்கி வையி. நாளைக்கு மட்டுமில்ல, தினமுந்தான்."

சொன்னபடி தினமும் போனார். கொஞ்ச நாளில், கூட மூட்டை தைக்கும் நஜ்மாவையும் கையோடு இழுத்து வந்தார். நஜ்மா பார்சல் என்று வாயெடுத்தார்.

"உக்காருடி" என்றார் அம்சவல்லி.

இப்போது காலையில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடும் பெண்கள் ஏழு பேர்.