சைலோவுக்குள்ளிருந்து மூன்று தட்டு

நம்பாவிட்டால் போங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

நான் வேலை பார்த்தது ஓர் உணவு தானியக் கிடங்கில். அறுபது வருடத்துக் கட்டடம். முன்பக்கம் மூட்டை அடுக்கும் நீளமான செங்கல் கூடம். பின்னால் நான்கு சைலோக்கள். எட்டு மாடி உயரத்தில், ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் உருளை வடிவக் கான்கிரீட் கோபுரங்கள். மேலே திறப்பில் கொட்டினால் உள்ளே சோளம் நிறையும். நான்கும் ஒட்டுகிற இடத்தில், நடுவே கிணறு மாதிரி ஓர் இடைவெளி மிஞ்சும். அதைக் கட்டும்போதே மேலும் கீழும் அடைத்துவிட்டார்கள். கதவே கிடையாது.

அன்று மூன்றாம் சைலோவில் சோளம் கட்டிதட்டிப்போய், கீழே இறங்காமல் நின்றது. அதைக் கம்பியால் இடித்துவிட, உள் ஏணி வழியாக இறங்கியவர் என் மனைவியின் அண்ணன். எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். அவர் இடுப்பில் கயிறு. மறுநுனி மேலே, என் பக்கத்தில் இருந்த சக்கரத்தில். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அவர் கம்பியால் சுவரில் மூன்று தட்டு தட்டுவார். பதிலுக்கு நான் இரண்டு. தட்டல் நின்றால் உடனே சக்கரத்தைச் சுற்றி அவரை இழுக்க வேண்டும்.

"மாப்ளே, போன தடவ மாதிரி சும்மா சும்மா இழுக்காத. ஏணியிலேருந்து விழுந்து தொலைச்சிடுவேன்."

"சரி மச்சான்."

இறங்கும்போது மணி 2:40.

2:51. உள்ளே சரசரவென்று ஏதோ சரிந்தது. புழுதி குப்பென்று மேலே வந்தது. டார்ச் வெளிச்சத்தைக் காணோம். என் கை சக்கரத்துக்குப் போனது.

"மச்சான்?"

டொக்... டொக்... டொக்.

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. கையை எடுத்துவிட்டு இரண்டு தட்டினேன்.

2:53. 2:55. 2:57. நொடி பிசகவில்லை. மச்சான் அப்படிப்பட்ட ஆளே இல்லை. சொந்தக் கல்யாணத்துக்கே லேட்டாக வந்தவர்.

"போதும் மச்சான், மேல வாங்க."

பேச்சில்லை. மூன்று தட்டு மட்டும்.

3:05. திறப்புக்குள் தலையை விட்டுக் கேட்டேன். உள்ளே சத்தமே இல்லை...

தட்டல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

நடுவில், அந்த அடைத்த இடத்திலிருந்து...

சக்கரத்தைச் சுற்றினேன். அசையவில்லை.

டொக்... டொக்... டொக்.

சைலோ சுவரை உடைத்து அவரை வெளியே எடுப்பதற்குள் இருட்டிவிட்டது. மூக்கு, தொண்டை எல்லாம் சோளம்.

"சரிஞ்சதுக்கு அப்புறம் நாலஞ்சு நிமிஷம்தான் உயிர் இருந்திருக்கும். உடனே இழுத்திருந்தா பொழச்சிருப்பாரு" என்றார் டாக்டர். பக்கத்தில் நின்று என் மனைவி அதைக் கேட்டாள். அன்றிலிருந்து அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. பழைய ஃபைலைத் திறந்து மூன்று தாள்களை என் முன்னால் வைத்தார். அதே சைலோ. நாற்பது வருடத்தில் மூன்று சாவு. மேலே கயிற்றோடு நின்றவர்களின் வாக்குமூலங்கள். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத மூன்று பேர். மூன்று தாளிலும் ஒரே வரி.

"தட்டல் வந்துகொண்டே இருந்தது. அதனால்தான் நான் இழுக்கவில்லை."