பிராந்தி பாட்டிலில் முட்டி எண்ணெய்

முட்டி ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு அருவியை என் சொந்தக் காலால் ஏறிப் பார்க்க வேண்டும் என்றேன். மகள் சிரித்தாள்.

"நெல்லித்தோப்பு மார்க்கெட்டு வரைக்கும் நடக்க முடியல. மலை ஏறப் போறியாம்மா?"

பஞ்சாலையில் இருபது வருஷம் நின்றே வேலை பார்த்த கால் இது. ஆலைதான் நின்றுபோனது.

என் வீட்டுக்காரர் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். பின்னால் பலகை அடித்து மெத்தை போட்டார். மேலே தார்ப்பாய். அடுப்பு, அரிசி, தண்ணீர் கேன். நாலு நாளைக்கு அதுதான் வீடு.

அரியாங்குப்பம், தவளக்குப்பம் தாண்டி, கடலூர் எல்லையில் போலீஸ்காரர்கள் நிறுத்தினார்கள். எங்கள் பாண்டியில் சரக்கு விலை குறைச்சல். அதனால் பி.ஒய். நம்பரைப் பார்த்தாலே தமிழ்நாட்டுப் பக்கம் சந்தேகம். மெத்தையைப் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டார்கள்.

மறுநாள் காலை பிச்சாவரம். சேற்றில் ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்றது.

"பாரு, அதுக்கும் உன்ன மாதிரியே முட்டி வலி" என்றார் வீட்டுக்காரர்.

"நிக்குது இல்ல?" என்றேன்.

அங்கிருந்து மேற்கே, கள்ளக்குறிச்சி தாண்டி மலை. அருவிக்குப் போகிற பாதையில் வனத்துறை கேட். மீசை வைத்த காவலர் ஒருவர் நம்பரைப் பார்த்தார்.

"பாண்டி வண்டியா? பையத் தொற."

பையில் பிராந்தி பாட்டில். உள்ளே முடக்கத்தான் எண்ணெய். எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் எண்ணெய் அப்படித்தான் இருக்கும். அதில் ஒரு லேபிள் ஒட்டியிருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

"இது என்னாம்மா?"

"முட்டிக்குத் தடவுற எண்ணெ."

"எல்லாரும் இப்படித்தான் எதையாவது சொல்றாங்க."

"மோந்து பாரு தம்பி."

மோந்தார். மூக்கைச் சுளித்தார். அப்படியும் விடவில்லை.

"கண்ணாடி பாட்டில் மேல போவக் கூடாது. இங்க வெச்சிட்டுப் போ."

"எண்ணெ இல்லாம ஏற முடியாது."

"அப்ப ஏறாத. இந்த முட்டிய வெச்சிக்கினு யாரு வரச் சொன்னா?"

"வாமே, திரும்பிடலாம்" என்றார் வீட்டுக்காரர்.

வண்டிக்குப் போனேன். சின்னத் தூக்கில் மோர் இருந்தது. குடித்தேன். துடைத்தேன். எண்ணெயை அதில் ஊற்றி மூடினேன். காலிப் பாட்டிலைக் காவலர் கையில் கொடுத்தேன்.

"பாட்டிலு உங்கிட்ட இருக்கட்டும். எண்ணெ எங்கூட வரும்."

பாறைக்குப் பாறை உட்கார்ந்து ஏறினேன். மூன்று தரம் எண்ணெய் தடவினேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் முன்னால் போனார்கள். போகட்டும்.

அருவி தலையில் குத்து விடுகிற மாதிரி விழுந்தது. முட்டி வலித்தது. நகரவில்லை.

"போதும், வாமே!" என்று கத்தினார் வீட்டுக்காரர்.

"நீ போய்யா" என்றேன்.

இறங்கி வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. கேட்டில் கை நீட்டினேன்.

"எம் பாட்டிலக் குடு."

"காலி பாட்டில்தானம்மா?"

"மிச்ச எண்ணெய எதுல வெப்பேன்?"

கொடுத்தார். அவர் எதிரிலேயே எண்ணெயைத் திருப்பி ஊற்றினேன். வண்டியின் முன் கண்ணாடி ஓரத்தில், லேபிள் வெளியே தெரிகிற மாதிரி வைத்தேன்.

"வழியில நிறுத்தப் போறாங்க" என்றார் வீட்டுக்காரர்.

"நிறுத்தட்டும். மோந்து பாக்கட்டும்."