வெடி வேண்டாம் என்ற காஜா மைதீன்

ஒரே ஒரு நாள் சாயங்காலம் வெடி போடாமல் இருக்கச் சொன்னதற்காகத்தான் எங்கள் கட்சி காஜா மைதீன் அவர்களை வெளியே தள்ளியது. வேறு காரணம் எழுதிக் கொடுத்தார்கள். அது பொய்.

அவர் இறந்த செய்தி கட்சியின் கம்பம் நகர வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான் தேனியில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். 'கட்சியின் தூண் சாய்ந்தது' என்று எழுதி, பழைய மாநாட்டில் அவர் சிரிக்கும் படத்தைப் போட்டிருந்தார்கள். கீழே வரிசையாக அவருக்கான துஆ, பிரார்த்தனை. அந்தக் குழுவில் அவர் இல்லை. அவரை நீக்கிய நகரச் செயலாளர்தான் இந்தச் செய்தியையும் போட்டிருந்தார்.

காஜா மைதீனின் மனைவி முன்பே காலமாகிவிட்டார். மகள் திருப்பூரில் இருக்கிறார். கதவைத் தட்டிப் பார்த்துத் திறக்காததால் பால்காரர்தான் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டிருக்கிறார். தூக்கத்திலேயே போய்விட்டார்.

எனக்கு அவர் உறவில்லை. எங்கள் தெருக்காரர், அதனால் மாமா. தொழில், திராட்சைத் தோட்டங்களில் விலை பேசிவிடுவது. தோட்டக்காரரும் வியாபாரியும் முறுக்கிக்கொண்டு நின்றால் நடுவில் புகுந்து இருவரையும் சத்தம் போடுவார். "சத்தம் இல்லாம ஏவாரமும் இல்ல, கட்சியும் இல்லப்பா" என்பார். கட்சியில் அவருக்கு நகரத் துணைச் செயலாளர் பொறுப்பு உண்டு. ஆனால் ஊர் அவரை 'வெடி பாய்' என்றுதான் சொல்லும். எந்தத் தலைவர் வந்தாலும் சரவெடியை ரோட்டில் விரித்து, கைலியை மடித்துக் கட்டி, ஊதுபத்தியோடு குனிவது அவர்தான். முப்பது வருடமாக அந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

காசாவில் குண்டுகள் விழத் தொடங்கியபின் அவர் செல்போனை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டன ஆர்ப்பாட்டம் நடத்தச் சொல்லிச் செயலாளரை நச்சரித்தவரும் அவர்தான். மேலிடம் கூட்டணிக் கட்சியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் சம்மதித்தது. மாமா வீடு வீடாகப் போனார். "பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. இன்னிக்கு வெடி கிடையாது, சால்வை கிடையாது. மௌத்து வீட்டுக்குத் துக்கம் கேக்க வார மாதிரி வாங்க" என்று சொன்னார்.

செயலாளருக்கு அது பிடிக்கவில்லை. "தலைவர் வாராக. வெடி இல்லாம எறங்குனா கூட்டணிக்காரவுக என்ன நெனப்பாக? இங்கன நமக்கு ஆளே இல்லம்பாக."

"அவுக நெனக்கிறது கெடக்கட்டும். குண்டுக்கு அழுக வந்த எடத்துல வெடியா போடுவீக?"

போட்டார்கள். வேறு ஒருவர் பற்றவைத்தார். தலைவரின் கார் நின்றதும் பஸ் ஸ்டாண்டு முன்னால் வெடித்தது நீளச் சரம். முன்வரிசையில் இருந்த குழந்தைகள் வீறிட்டார்கள். மேடைக்குப் பின்னால் இடிந்த வீடுகளின் படம். அதைவிடப் பெரிதாகத் தலைவரின் படம். புகை கலையவில்லை. தலைவர் 'குண்டு மழை' என்று தொடங்கி, இருமி, தண்ணீர் கேட்டார். அந்த இடைவெளியில் மாமா மைக்கைப் பிடித்தார்.

"வெடி போட்டது தப்பு. முதல்ல மன்னிப்புக் கேட்டுட்டுப் பேசுங்க தலைவரே."

மைக்கை அணைத்தார்கள். பிறகு மேடையில் சால்வைகள் ஏறின. கட்சியின் கண்டனம் அந்த மாலையோடு முடிந்தது. போர் முடியவில்லை.

ஒழுங்கு நடவடிக்கை என்று அவர் பொறுப்பைப் பறித்து, கட்சியிலிருந்தும் நீக்கினார்கள். மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்வதாகத் தூது வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். "கேக்க மாட்டேன்னா சொன்னேன்? முப்பது வருசம் போட்டவன், நானுந்தான் கேக்கணும். தலைவரையும் கூப்புடுங்க, சேந்து கேப்போம். தப்புன்னு ஒரு வார்த்தை. அது போதும் எனக்கு" என்றார். தூது திரும்பி வரவில்லை.

அதற்குப் பின் வெள்ளிதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலுக்கு எதிரே நின்றார். கையில் அட்டை, அதில் இடிபாட்டுக்கு நடுவே ஒரு பிள்ளையின் படம். கோஷம் கிடையாது. வாயைத் திறக்காமல் நின்றார், அந்தச் சத்தக்காரர். கட்சிக்காரர்கள் செருப்பை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார்கள். ஊரில் இருந்த வெள்ளிகளில் நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். மற்ற வெள்ளிகளில் அவர் மட்டும்தான்.

"என்ன வெடி பாய், போர் நின்னுருச்சா?" என்று டீக்கடையிலிருந்து ஒருவன் கத்துவான்.

"நின்னா எனக்கு யாருப்பா சொல்லுவா? நீயே வந்து சொல்லு" என்பார்.

ஒருமுறை தோட்ட வேலை முடிந்து கூடலூர் பஸ்ஸுக்குப் போன அம்மா ஒருவர் அட்டையைப் பார்த்து நின்றார். "யாரு பெத்த பிள்ளைய்யா?"

"தூரத்துப் பிள்ளை ஆத்தா. வெளிநாடு."

"பிள்ளை செத்ததுல தூரம் என்ன தூரம்" என்று தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, பஸ் வரும்வரை அவரோடு நின்றார். அன்று முழுக்க மாமா அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவு ஏங்கிப்போயிருந்தார், ஒரு ஆள் துணைக்கு.

அடக்கத்துக்குக் கட்சி முழுவதும் வந்தது. உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கத் தோள்கள் முண்டியடித்தன. உயிரோடு நின்றவருக்குப் பக்கத்தில் நிற்க அவற்றில் ஒன்றும் வரவில்லை. மண் போட்டு முடித்ததும் மையவாடி வாசலில் செயலாளர் அறிவித்தார்: வரும் வாரம் பஸ் ஸ்டாண்டு முன்னால் இரங்கல் கூட்டம், தலைவர் வருகிறார்.

"வெடி உண்டா?" என்று கேட்டேன்.

"எடம் பாத்துப் பேசு தம்பி" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தார்.

மாமா வீட்டில் கதவுக்குப் பின்னால் அந்த அட்டை சாய்ந்திருந்தது. திராட்சைப் பெட்டியை வெட்டிச் செய்திருக்கிறார். ஒரு பக்கம் அந்தப் பிள்ளை. மறுபக்கம் அச்சடித்த திராட்சைக் கொத்து. பிடித்துப் பிடித்து இரு ஓரமும் கறுத்திருந்தன. மகள் அதை என்னிடம் கொடுத்துவிட்டார்.

மாமா, உங்களுக்கு என் ஸலாம். இனி வெள்ளிக்கிழமை வெயிலில் நீங்கள் நிற்க வேண்டியதில்லை. அட்டை என்னிடம் இருக்கிறது.

அடக்கம் முடிந்த அன்று மாலையே கட்சிக் குழுவில் ஒரு வரி எழுதினேன். எல்லோரும் பார்த்துவிட்டதாகக் காட்டுகிறது. அதற்குக் கீழே ஒருவர், தலைவருக்குச் சால்வை யார் பொறுப்பு என்று கேட்டிருக்கிறார். அதற்கு உடனே பதில் வந்துவிட்டது. என் வரி அப்படியே கிடக்கிறது:

அன்றைக்கு வெடி போட்டது தப்பு என்று அந்த மேடையில் சொல்வீர்களா?