பெட்ரோல் மூடியில் வைத்த பொட்டு

இன்று காலை என் மோட்டார் சைக்கிள் கிளம்பவில்லை. பட்டனை அழுத்தினால் இஞ்சின் கிர்ர் கிர்ரென்று சுற்றுகிறது, ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது. ஈப்போவில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே நின்று வெகுநேரம் அதோடு மல்லுக்கட்டினேன். எத்தனையோ பேர் தாண்டிப் போனார்கள். என்ன ஏது என்று கேட்க ஒரு நாதி இல்லை. கடைசியில் வேலையிடத்துக்குப் போன் போட்டு, "மோட்டார் ஸ்டார்ட் ஆவலைலா" என்றேன். சூப்பர்வைசர் என் மகன் வயது. சிரித்தான்.

"அண்ணே, வேற ஏதாச்சும் புதுசா சொல்லுங்கண்ணே."

சிரிக்கட்டும், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மழை, பஞ்சர், மோட்டார் கிளம்பவில்லை. இதைச் சொல்லாமல் இந்தப் பேராக் மாநிலத்தில் எவன் வேலைக்குத் தாமதமாகப் போயிருக்கிறான்? நானும் வாய் கூசாமல் சொன்னவன்தான். அதில் ஒரு தடவை சொன்னது சத்தியம். அதைத்தான் நம்ப வேண்டியவள் நம்பவில்லை.

பிளக்கைக் கழற்றினேன். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. இந்த வாடை வந்தாலே எனக்குச் செல்வி ஞாபகம் வந்துவிடும். செல்வி என் தங்கை.

அப்போது எனக்கு இருபது சொச்சம் வயது. ஈப்போவுக்கு வெளியே லகாட் ஊரைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ரப்பர் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்துகொண்டு ஈப்போவில் ஒரு டயர் கடைக்கு வேலைக்குப் போய் வந்தேன். எவனோ ஓட்டித் தேய்த்த மோட்டார் ஒன்று கையில் இருந்தது. முன்னால் பெரிய பெட்ரோல் டாங்கி வைத்த பழைய மாடல். அதன்மேல் எனக்கிருந்த கர்வத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். வீட்டுக் கண்ணாடியில் தலை சீவியதைவிட அந்த டாங்கியைப் பார்த்துச் சீவியதுதான் அதிகம்.

செல்வி ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். தைப்பிங்கைச் சேர்ந்த அருள் என்ற கிறிஸ்துவப் பையனை விரும்பினாள். அப்பா அவளை வீட்டை விட்டுத் துரத்தினார். அவள் பேரை எவனாவது எடுத்தால் அவனும் அதே வழியில் போய்விட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அவள் ஈப்போவில் ஹாஸ்டலில் தங்கிக்கொண்டாள். பதிவுத் திருமணத்துக்கு நாள் குறித்த பிறகு என் டயர் கடை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, அவங்க வீட்லேர்ந்து ஒரு கூட்டமே வருது. சாட்சிக் கையெழுத்துப் போட நம்ம பக்கம் ஒரு ஆளாச்சும் வேணும்ணே. நீ வந்தா போதும்."

"வாரேன்" என்றேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கையில் இருந்த கிரீஸோடு அவள் தலையைத் தடவி, அதற்கும் திட்டு வாங்கினேன்.

கல்யாணம் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. பூஜையன்று எங்கள் லயத்தில் பால்வெட்டும் கத்தியிலிருந்து ரேடியோ வரைக்கும் எல்லாவற்றுக்கும் குளியலும் பொட்டும் உண்டு. நான் மோட்டாரைக் கழுவித் துடைத்து, டாங்கியை நிரப்பி வாசலில் நிறுத்தியிருந்தேன். அம்மா கிண்ணத்தோடு வந்தாள். லைட்டுக்கு ஒரு பொட்டு, ஹேண்டிலுக்கு ஒரு பொட்டு. பெட்ரோல் மூடிக்கு வந்ததும் சந்தனத்தை வழித்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். நாளைக்கு எங்கே போகிறேன் என்று நான் வாயைத் திறக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அழிச்சிறாத. இப்படியே போ" என்றாள். அப்பா உள்ளே இருந்ததால் அதற்கு மேல் பேசவில்லை.

காலையில் ஒரே உதையில் மோட்டார் கிளம்பியது. தோட்டத்துச் சாலையான செம்மண் சடக்கில் பால்மரங்களைத் தாண்டி, ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்ற ஈயக் குட்டைப் பக்கம் வந்தபோது இருமி இருமி நின்றது. உதைத்தேன். இஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. உதைத்து உதைத்துக் கால் மரத்துப்போனது. வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

அந்தக் காலத்தில் சடக்கில் மோட்டார் நின்றால் போகிறவன் வருகிறவன் எல்லாம் வைத்தியன். என் கூட்டாளி ராமு வந்தான். இன்னும் இரண்டு பேர் சைக்கிளை நிறுத்தினார்கள். பிளக்கைக் கழற்றி இஞ்சினில் ஒட்டி வைத்து உதைத்தோம். நீலப் பொறி அழகாகப் பறந்தது. ராமு மோட்டாரை இரண்டு பக்கமும் ஆட்டி டாங்கியில் காதை வைத்தான்.

"களக் களக்குன்னு கேக்குது மச்சான். பெட்ரோல் நெறைய இருக்கு."

இருந்தாலும் ஒரு தடவை திறந்து பார்க்கலாமென்று மூடிக்குக் கையைக் கொண்டுபோனவன் பொட்டைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். "சாமிக்கு வச்சது, கலைக்க வேணாம்லா." எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. தள்ளிப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ராமு தன் மோட்டாரைக் கொண்டுவர லயத்துக்கு ஓடினான்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. அங்கே அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று நினைத்ததும் என்னால் தாங்க முடியவில்லை. டாங்கி மூடிமேல் நெற்றியை வைத்துக் குலுங்கி அழுதேன். நிமிர்ந்தபோது வியர்வையில் ஊறியிருந்த சந்தனம் அடையாகப் பெயர்ந்து வந்தது. உஸ்ஸென்று ஒரு சத்தம். மூடியில் காற்றுப் போக ஒரு பொடித் துளை இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் டாங்கி நிறைய இருந்தாலும் பெட்ரோல் கீழே இறங்காது. கொஞ்சம் பொறுத்து உதைத்தேன். கிளம்பிவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் பதிவு ஆபீஸ் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் பக்கத்துச் சாட்சியாக அருளின் சித்தப்பாவே கையெழுத்துப் போட்டிருந்தார். செல்வி என் நெற்றியைத்தான் முதலில் பார்த்தாள். சந்தனமும் குங்குமமும் அப்படியே அப்பியிருந்தது எனக்குத் தெரியாது.

"பூஜையெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"மோட்டார் ஸ்டார்ட் ஆவலை செல்வி."

"எங்க லைன்லயும் லேட்டா வர்றவங்க தினம் இதத்தான் சொல்றாங்க" என்றாள்.

நடந்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா வைத்த பொட்டுதான் தடுத்தது என்று கல்யாணத்தன்றைக்கு எப்படிச் சொல்வது? அபசகுனமாக எடுத்துக்கொள்வாளோ என்று வாயை மூடிக்கொண்டேன். சாயங்காலம் அம்மா குரலைத் தாழ்த்தி, "நேரத்துக்குப் போயிட்டியாய்யா?" என்று கேட்டாள். "போயிட்டேம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு செல்வி சண்டை போடவில்லை. போட்டிருந்தால்கூட ஆறியிருக்கும். 'நீ' என்று கூப்பிட்டவள் 'நீங்க' என்று மாறிவிட்டாள். அம்மா இறந்தபோது வந்தாள். "சாப்டீங்களாண்ணே?" என்று யாரோ பக்கத்து வீட்டு மனிதரைக் கேட்பதுபோல என்னைக் கேட்டாள்.

போன வருஷம் தைப்பிங் ஆஸ்பத்திரியில் அவள் படுத்திருந்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இனிமேலும் மறைத்து என்ன என்று பொட்டு வைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"விடுங்கண்ணே. இத்தனை வருஷம் கழிச்சு செத்துப்போன அம்மாவ வச்சு எதுக்குக் கதை கட்டுறீங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. நான் சங்கடப்படக் கூடாதென்று ஆறுதலாகச் சொன்னாள். அந்த மாதமே போய்விட்டாள்.

அவளைக் கூட்டிப்போய்க் காட்ட அந்தச் சடக்காவது இருந்ததா? பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், அதையும் சாய்த்துவிட்டு வீடு கட்டி விற்றார்கள். ஈயக் குட்டையைத் தூர்த்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். லயத்தை உடைத்தபோது ராமு ஜொகூர் பக்கம் போனான் என்றார்கள், அங்கேயே இறந்ததாகவும் கேள்வி. பொட்டு வைத்தவளும் இல்லை. அண்ணன் வேண்டுமென்றேதான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டே என் தங்கை செத்துப்போனாள்.