வாடை போன போஸ்டர்

மன்னார்குடியில் உரக்கடை வைத்திருக்கும் சாரங்கபாணிக்கு உலகத்தில் முக்கால்வாசி விஷயம் குமட்டும். பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்தை உறிஞ்சினால் குமட்டும். டீக்கடை டம்ளரின் விளிம்பைப் பார்த்தால் குமட்டும். பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் தலையெண்ணெய் போதும், வயிற்றைப் புரட்டிவிடும். இத்தனைக்கும் நாள் முழுக்கப் பூச்சிமருந்துக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர்தான். அந்த நெடி மட்டும் மனுஷனுக்குச் சந்தனம். சட்டைப்பையில் எப்போதும் மடிப்புக் கலையாத வெள்ளைக் கைக்குட்டை ஒன்று இருக்கும். மூக்கைப் பொத்த எந்த நேரம் வேண்டியிருக்கும் என்று சொல்ல முடியாதல்லவா.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரே ஒரு பித்து, பழைய ஹாலிவுட் பட போஸ்டர்கள். அமெரிக்காவில் அச்சடித்து, அந்தக் காலத்தில் படப்பெட்டியோடு கப்பலேறி வந்த அசல் காகிதம்தான் வேண்டும். அந்தப் பித்திலும் குமட்டலுக்குக் குறைவில்லை. புதுசாக அச்சடித்து, டீத்தண்ணியில் நனைத்துப் பழசாக்கி, போனில் ஆள் பிடித்து விற்கிறவர்களைக் கண்டால் காறித் துப்புவார். அசலை மைதாப் பசை தடவிச் சுவரில் அப்பி, பசை ருசிக்காக மாடு அதைக் கிழித்துத் தின்பதை வேடிக்கை பார்த்த தியேட்டர்காரர்களை நினைத்தால் சோறு இறங்காது. தஞ்சாவூர் ஓட்டல் ஒன்றில் அருமையான போஸ்டரைச் சட்டம் போட்டுக் கழிப்பறை வாசலில் மாட்டியிருந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டார். ஒரு காகிதத்தை எப்படித் தொடுவது என்றுகூடத் தெரியாத ஜென்மங்கள் என்று வீட்டில் வந்து பொருமினார். மனைவி வானதி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் புடவைகள் அட்டைப்பெட்டியில் கிடக்க, பீரோத் தட்டுகளில் போஸ்டர்கள் சுகமாகப் படுத்திருந்தன.

எத்தனை இருந்தும் அவர் ஏங்கியது ஒன்றுக்குத்தான். கப்பல் மேல்தளத்தில் பச்சை கவுன் போட்ட ஒரு பெண் திரும்பிப் பார்க்கிற போஸ்டர். அந்தப் படத்தின் பிலிம் உலகத்தில் எங்குமே மிஞ்சவில்லை. ஒரு பழைய சினிமாப் புத்தகத்தில் சின்னப் படமாகத்தான் அந்த போஸ்டரை அவர் பார்த்திருந்தார், அசல் எங்காவது மிஞ்சியிருப்பதாக யாருக்கும் தெரியாது. அப்படியிருக்க, விதைநெல் வாங்க வந்த வேதாரண்யத்துக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார், எங்கள் தெருவில் காத்தாயி என்கிற அம்மா வீட்டில் கப்பலும் வெள்ளைக்காரச்சியுமாக ஒரு போஸ்டர் கிடக்கிறது என்று. மறுநாளே சாரங்கபாணி பஸ் ஏறினார். அது கார்த்திகை மாதம், விடாத மழை.

காத்தாயியின் புருஷன் மருதையன் டூரிங் கொட்டகையில் படம் ஓட்டியவர். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்களாயிற்று. அந்தம்மா கருவாடு விற்றுப் பிழைத்தார். கஜா புயலில் கூரை பறந்தபோது அந்த போஸ்டரை யூரியா சாக்கின் உள்பையில் சுருட்டி இடுப்பில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாராம். இப்போது கருவாட்டுக் கூடைகளுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்துப் பாயில் விரித்தார். ஒரு கதவு அளவுக் காகிதம். ஒரு கிழிசல் இல்லை. பச்சை கவுன் நேற்றுச் சாயம் ஏற்றியது மாதிரி இருந்தது. சாரங்கபாணிக்குக் கண் கலங்கியது. காசு வேண்டாம், மதிக்கிற கையில் சேர்ந்தால் போதும் என்றார் காத்தாயி.

அந்த நேரம் பார்த்து வாடை ஏறியது. வாளைக் கருவாடு, அதுவும் மழையில் நமுத்தது. காகிதத்தின் இழை இழையாக அது ஊறியிருந்தது. கை தானாகப் பைக்குப் போனது. இதை மடியில் வைத்துக்கொண்டு மன்னார்குடி வரை எப்படிப் போவது? பீரோவில் மற்றதோடு எப்படி வைப்பது? கைக்குட்டைக்குள்ளிருந்தே பேசினார்.

"இந்த வாடை போகணும்மா. தண்ணி படாம, கை படாம, சுத்தமா வச்சிருங்க. சம்பா அறுப்பு முடிஞ்சதும் வந்து எடுத்துக்கிறேன்."

தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார் காத்தாயி.

அறுப்பு முடிந்தது. மாசி வெயிலில் சாரங்கபாணி போய் இறங்கினார். காத்தாயி வாசலிலேயே புதுப்பாய் விரித்து வைத்திருந்தார். கருவாட்டுக் கூடைகளைக் கொல்லைக்குத் தள்ளியிருந்தார். உள்ளே போய் ஒரு துணிக்கடைப் பையைக் கொண்டுவந்து, அதிலிருந்து பளபளவென்று தகடு தகடாக எடுத்துப் பாயில் அடுக்கினார். லேமினேஷன் போட்ட தகடுகள். ஒன்றில் கப்பலின் புகைபோக்கி. ஒன்றில் பச்சை கவுனின் முழங்கால். இன்னொன்றில் அந்தப் பெண்ணின் ஒரு கண். மறுகண் பக்கத்துத் தகட்டில்.

சாரங்கபாணிக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. இதை வெட்டி லேமினேஷன் போட்ட ஜெராக்ஸ் கடைக்காரன் மேல், அவன் கத்தரிக்கோல் மேல், இந்த அம்மாவின் மூளை மேல், குடும்ப அட்டை முதல் செத்தவர் படம் வரை பிளாஸ்டிக்கில் புழுங்க வைத்தால்தான் தூக்கம் வரும் இந்த ஜில்லாவின் மேலேயே. சூடு போட்டு ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரித்தால் மையும் சேர்ந்து உரிந்து வரும். உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அதுவும் போயிற்று.

"யாரு இதை வெட்டச் சொன்னது?"

மிஷின் வாய் சின்னது, முழுசாக நுழையவில்லை என்றார் காத்தாயி. கோணாமல் வெட்டச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றாராம். புயலில் ஊரே எல்லாப் பத்திரத்தையும் பறிகொடுத்தபோது லேமினேஷன் போட்டது மட்டும்தான் தப்பியது, அதனால் இதைவிடப் பத்திரம் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். குரலில் பெருமை இருந்தது. பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"அன்னைக்கு நீங்க துணியால மூக்கைப் பொத்திக்கிட்டீங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சுங்கய்யா. எங்க வீட்டு வாடை உங்க வீட்டுக்கு வரக்கூடாதுன்னுதான் வெயில்ல காய வச்சு, பவுடர் போட்டு, அப்புறம் இதைச் செஞ்சேன். இப்ப ஒண்ணும் வராது. மோந்து பாருங்க."

கண் இருந்த தகட்டை எடுத்து இரண்டு கையாலும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். சாரங்கபாணி குனிந்து மோந்து பார்த்தார். நிஜமாகவே எந்த வாடையும் இல்லை. நெற்றி வேர்த்து வழிந்தது. துடைக்கக் கைக்குட்டையை எடுத்தவர், அதை முகத்தருகே கொண்டுபோக முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். இப்போது அந்தக் கைக்குட்டையைத் தொடத்தான் அவருக்கு அருவருப்பாக இருந்தது.